புள்ளிக் கணக்கு: காரைக்குடியில் கலையும் உரிமையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் பகுதி ஊரணியின் தென்கரைச் சுவரில் நாங்கள் வரைந்த ஓவியம் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. பெயிண்ட் நல்ல பெயிண்ட். வரைந்த பிள்ளைகளும் கைதேர்ந்தவர்கள். கொக்கு, அல்லி, படித்துறையில் குடத்தோடு நிற்கிற ஓர் ஆச்சி, கீழே பெரிய எழுத்தில் ‘ஊரணியைக் காப்போம்’. திறப்பு நாளன்று நிருபர்கள் வந்தார்கள், படம் பிடித்தார்கள், பேட்டி எடுத்தார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலியும் பூப்புனித நீராட்டு விழாவும் ஒட்டியாகிவிட்டது. அல்லிப்பூவின் மேல் போர்வெல் போடுகிற யாரோ தங்கள் செல்போன் எண்ணை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். சாக்கடை எப்போதும்போல ஊரணிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த பங்குனியில், அதே கரையில், முளைப்பாரி எடுத்த பெண்கள் சுற்றி நின்று கும்மியடித்தார்கள். வழக்கமான அம்மன் பாட்டுதான். நடுவில் ஓர் அக்கா இரண்டு அடியைச் சொந்தமாகச் சேர்த்துவிட்டார். நீ வளர்த்த பயிரை நாங்கள் எந்தத் தண்ணியில் விட, உன் படித்துறையில் யார் வீட்டுக் கழிவு ஓடுது தாயே என்கிற பொருளில் வந்த அடிகள். சுற்றி நின்றவர்கள் அதைத் திருப்பிப் பாடினார்கள். மூன்றாம் சுற்றில் குரல் ஏறிவிட்டது. யார் பெயரையும் யாரும் சொல்லவில்லை. ஆனால் குழாயை ஊரணிக்குள் திருப்பிவிட்டிருந்த வீட்டுக்காரர்களும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார்கள். சித்திரை முடிவதற்குள் அவர்களில் இரண்டு வீட்டுக்காரர்கள் குழாயை அடைத்துவிட்டுக் கொல்லையில் உறிஞ்சுகுழி வெட்டிக்கொண்டார்கள். நாங்கள் எழுதிய மனுக்கள் ஓர் ஆண்டாக ஏதோ ஒரு மேசையில் கிடந்தன. அந்த இரண்டு அடி செய்ததை அவை செய்யவில்லை.

சுவரோவியக் குழுவில் நானும் இருந்தேன். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சுவர் ஏன் தோற்றது, கும்மி ஏன் நிலைத்தது? ‘மரபுக் கலைக்கு வலிமை அதிகம்’ என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. மரபுக் கலை எவ்வளவோ இந்த ஊரைவிட்டுப் போயிருக்கிறது. நேற்று வந்த கலை சில இங்கேயே வேரூன்றியும் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரும் அதன் கணக்கும்

காரைக்குடி கிராமமும் இல்லை, பெருநகரமும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் 1,06,714 பேர். 2024ல் மாநகராட்சி ஆனது. கல்லுக்கட்டியில் கொப்புடையம்மன் கோயிலைச் சுற்றி ஒரு பழைய ஊர், செக்காலைப் பக்கம் ஒரு கடைவீதி ஊர், அழகப்பர் கல்லூரிகளும் சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வகமும் இருக்கிற பக்கம் ஒரு படிப்பு ஊர், பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கென ஒரு காலனி. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் 1947ல் கல்லூரியைத் தொடங்கினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே வரவழைத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று திறந்தது. இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய நிறுவனங்கள் வாய்த்ததால், எந்தத் தெருவில் கூட்டம் போட்டாலும் முன்வரிசையில் ஒரு பேராசிரியரும் பின்வரிசையில் ஒரு கொத்தனாரும் இருப்பார்கள். நடுத்தர ஊரின் பெரிய பலம் இதுதான். கூட்டத்துக்கு வந்தவரை மறுநாள் காலை டீக்கடையில் பார்த்தாக வேண்டும்.

இந்த மண்ணுக்கு ஒரு கணக்கு முறை உண்டு. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் அதைப் ‘புள்ளி’ என்பார்கள். கல்யாணம் ஆனதும் அவரவர் நகரக் கோயிலில் பதிவாகி, கோயில் மாலை வந்து சேர்ந்து, கணவனும் மனைவியுமாக ஒரு புள்ளி ஆகிறார்கள். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் செலவு எதுவானாலும் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. கோடீஸ்வரரும் கடையில் கணக்கெழுதுகிறவரும் அந்த ஏட்டில் ஒரே அளவுதான். மற்றச் சமூகத்தார் ஊர்களில் இதற்குத் தலைக்கட்டு வரி என்று பெயர். பணக்காரர் தனியாக மண்டகப்படி நடத்தலாம், வெள்ளி வாகனம் செய்து கொடுக்கலாம். அதெல்லாம் உபயம். வரி வேறு. உபயம் கொடுத்தவரை ஊர் புகழும். வரி கொடுத்தவர் கேள்வி கேட்கலாம்.

கலைக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது என்பதுதான் நான் கண்டது. உபயத்தில் மட்டும் வாழ்ந்த கலை, உபயக்காரரோடு சேர்ந்து ஊரைவிட்டுப் போயிருக்கிறது. வரியில் வாழ்ந்த கலை இங்கேயே இருக்கிறது. வரி என்றால் பணம் மட்டும் இல்லை. உழைப்பு, அரிசி, திண்ணை, தொண்டை எல்லாமே வரிதான்.

போனவை

முதலில் வீணை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் வாசித்த குடும்பத்தைச் சேர்ந்த சுப்பராமய்யரும் சாம்பசிவய்யரும் செட்டிநாட்டு வீடுகளின் ஆதரவில் இங்கே குடியேறி, ‘காரைக்குடி சகோதரர்கள்’ என்றே பெயர் பெற்றார்கள். மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், இளையவர் கிடையாக. தஞ்சை, மைசூர் என்று ஊர்ப்பெயரோடு பாணிகள் இருந்த இசையுலகத்தில் வீணைக்குக் காரைக்குடிப் பாணி என்று ஒன்று நிலைத்தது இவர்களால். 1952ல் சாம்பசிவய்யருக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. அவருடைய கடைசிக் காலம் சென்னையில் கலாக்ஷேத்திராவில் கழிந்தது. பாணியும் அங்கேதான் தழைத்தது. இன்று காரைக்குடித் தெருவில் நின்று காரைக்குடிப் பாணி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். சமையலைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அடுத்தது தமிழிசை. மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் பாடுகிற துக்கடாவாகக் கிடந்த காலத்தில், கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அதை மாற்றக் கை கொடுத்தார். 1941ல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு, 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம், 1952ல் பாரிமுனை அருகே ராஜா அண்ணாமலை மன்றம். மொழி உரிமைக்காக இசையைக் கொண்டு நடந்த போராட்டம் அது. ஏட்டில் எழுதி வைக்கும்படியான வெற்றியும் பெற்றது. ஆனால் அதன் கட்டடமும் மேடையும் ஆண்டு விழாவும் சிதம்பரத்துக்கும் சென்னைக்கும் போயின. காசு கொடுத்த மண்ணில் அதற்கென ஒரு மேடை எழவில்லை.

மூன்றாவதாகச் சினிமா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சென்னையைவிட்டு வந்து, காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை ஸ்டூடியோவாக்கினார். 1947 ஜனவரியில் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். பாரதியார் பாடல்களை டி.கே. பட்டம்மாள் பாட, சிறுமியாக இருந்த கமலா ஆடினார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது. 1919ல் பாரதி கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியார் வீட்டுக்கு வந்து தங்கினார். காரைக்குடியில் 1917 முதல் இயங்கிய இந்து மதாபிமான சங்கத்துக்கும் வந்தார், சங்கத்தைப் பாடினார். கையில் தடியோடு உட்கார்ந்திருக்கிற பாரதி படம் இங்கே எடுத்ததுதான். அவர் புத்தகங்களை வாங்க ஆள் இல்லாத காலம் அது. 28 ஆண்டு கழித்து அதே ஊர்க் கொட்டகையிலிருந்து அவருடைய விடுதலைப் பாட்டு, விடுதலை வருவதற்கு முன்பே, தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டே ஸ்டூடியோவும் வடபழனிக்குப் போய்விட்டது.

நான்காவது எனக்கு மிகவும் வலிக்கிற இழப்பு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் ரோஜா முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992ல் அவர் காலமானதும் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, தமிழ்நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாமல், 1994ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. நூல்கள் பிழைத்தன. அதற்குக் காரணமானவர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். ஆனாலும் பெயர்ப்பலகை எழுதிய ஒருவர் தனியாளாகச் சேர்த்ததை அவரைச் சுற்றியிருந்த ஊர்கள் ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போட்டுக் காப்பாற்றியிருக்கலாம். வீடுகளும் பணமும் இருந்தன. கேட்கிற பழக்கம் இல்லாமல் போனது.

வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. இன்றும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் வளவுத் தூண், நிலைக்கதவு, ரவிவர்மா அச்சுப்படம், பெல்ஜியம் கண்ணாடி, கல்யாணக் கொட்டான் எல்லாம் விலைக்கு இருக்கின்றன. ஆயிரம் பேர் உட்கார்ந்து பந்தி சாப்பிட்ட, கச்சேரி கேட்ட வீடுகள் கழற்றி அடுக்கிக் கிடக்கின்றன. பங்காளிகள் உலகெங்கும் இருக்கிறார்கள், வீட்டைப் பார்க்க ஒரு வாட்ச்மேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓட்டை மாற்றுவதற்கே ஒரு குடும்பத்தின் சம்பாத்தியம் போய்விடும்.

நிலைத்தது: கம்பன் விழா

1939ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். முதல் விழா ரசிகமணி டி.கே.சி. தலைமையில் நடந்தது. பங்குனி மாதம் மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில், நான்காம் நாள் அத்தத்தன்று கம்பன் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையில். இந்தத் தேதிக்கு யாரும் அழைப்பிதழ் பார்த்து வர வேண்டியதில்லை. பஞ்சாங்கம் போதும்.

சா. கணேசன் காந்திவழிப் போராளி. சட்டை போடாமல் ஒரு துண்டோடு வாழ்ந்தவர். 1942 ஆகஸ்டில் இந்தப் பக்கம் கொதித்தது சாதாரணக் கொதிப்பு இல்லை. தேவகோட்டையில் நீதிமன்றக் கட்டடம் எரிந்தது. திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்து விடுதலைப் போராளி சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் சா. கணேசனும் இருந்தார். 1962ல் சுதந்திராக் கட்சி சார்பில் காரைக்குடிச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அரசியலில் இவ்வளவு திட்டவட்டமான சார்பு உடையவர், விழா மேடையில் அந்தச் சார்பை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கச் சொன்னார். பொதுவுடைமைக்காரரான ஜீவா அங்கே வந்து கம்பனைப் பேசினார். கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று ஒரு பக்கம் இயக்கம் நடந்த 1940களில், அதே காவியத்தை மார்க்சியரும் வைணவரும் சைவத் துறவியும் ஒரே மேடையில் அலசியது இந்த ஊர்க்காரர்கள் கேட்டு வளர்ந்த விஷயம்.

அந்த மேடையிலிருந்துதான் பட்டிமண்டபம் இன்றைய வடிவம் பெற்றது. மணிமேகலை காலத்துச் சொல் அது. அதற்கு எதிரெதிர் அணி, நடுவர், தீர்ப்பு என்று உருவம் கொடுத்து மக்கள் முன் நிறுத்தியதில் சா. கணேசனுக்குப் பெரும் பங்கு. கும்பகர்ணன் சிறந்தவனா வீடணன் சிறந்தவனா என்பது புலவர்களுக்கான கேள்விதான். ஆனால் செஞ்சோற்றுக் கடன் பெரிதா அறம் பெரிதா என்று கேட்டால், மில்லில் வேலை பார்க்கிறவரும் சொந்தக்காரர் கடையில் அடங்கிக் கிடக்கிறவரும் நிமிர்ந்து உட்காருவார்கள். குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்தபோது இந்தக் கலை இன்னும் தரையிறங்கியது. மடத்துத் தலைவரான அவர் மேடையில் சொன்னதை ஊரில் செய்தும் பார்த்தார். சிக்ரி விஞ்ஞானிகளைக் குன்றக்குடிக்கு அழைத்துவந்து, சிறு தொழில்களைத் தொடங்கி அவர் நடத்திய கிராமத் திட்டம் தில்லித் திட்டக்குழு வரை பேசப்பட்டது. 1982ல் மண்டைக்காட்டில் மதக்கலவரம் எரிந்தபோது சமாதானம் பேச நேரில் போனார். பேச்சுக்கும் செயலுக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தூரத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

விழாவின் நடைமுறையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. கடிகாரம் தவறாது. எத்தனை பெரிய பேச்சாளரானாலும் மணி அடித்தால் உட்கார வேண்டும். கேட்க வருகிறவர்கள் வெறும் பார்வையாளர்கள் இல்லை. வெளியூர்ப் புலவரைத் தங்க வைக்க ஒரு வீடு, பந்திக்கு இலை போட ஒரு கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒப்புவிக்கப் பயிற்றும் ஆசிரியர்கள் என்று ஊர் விழாவுக்குள் வந்துவிடுகிறது. நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்துக் குழந்தை நாக்கில் வைக்கிற வழக்கம் உண்டு, படிப்பு வரும் என்று. என் நாக்கிலும் வைத்திருக்கிறார்கள். புலமை விழாவின் கடைசி நாள் ஒரு கைக்குழந்தையின் வாயில் போய் முடிகிறது. எண்பது ஆண்டுக்கு மேல் அது நிற்பதற்குப் புலமை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

ஏட்டில் ஏறாதவர்கள்

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு இந்த ஊர்க் கணக்கு நியாயமான கணக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புள்ளியாகச் சேர்க்கப்படாதவர்களின் கதை இல்லாமல் இந்த ஆய்வு பாதிதான்.

1930லும் 1931லும் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மேல் விதித்த தடைகளை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் பட்டியலிட்டுப் பதிவு செய்திருக்கிறார். முதலில் எட்டு, பிறகு பதினொன்று. பொன் நகை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது, பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: கல்யாணத்துக்கும் மற்ற விசேஷங்களுக்கும் மேளம் வைக்கக் கூடாது. ஊர் விசேஷத்துக்குப் பறை அடித்தவர்களை, தங்கள் வீட்டு விசேஷத்தில் இசையில்லாமல் இருக்கச் சொன்னார்கள். கலை உரிமையும் மனித உரிமையும் வேறு வேறா என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு வரியைத்தான் காட்டுவேன்.

அதற்கு மூன்று ஆண்டு முன்புதான், 1927 செப்டம்பரில், காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். காரைக்குடியை அடுத்த சிராவயலில் அதே ஜீவா, அன்று இளைஞர் ஜீவானந்தம், ஓர் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தார். நூற்பும், சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பும் அங்கே நடந்தன. காந்தி அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார். பின்னாளில் தொழிலாளர் ஊர்வலங்களுக்குப் பாட்டுக் கட்டி, 1961ல் கோவையில் கலை இலக்கியப் பெருமன்றத்தை ஜீவா தொடங்கியதற்கு விதை இந்தச் சிராவயல் கொட்டகையில்தான் விழுந்தது என்பது என் எண்ணம். மஞ்சுவிரட்டுக்குப் பேர் போன ஊரை அதற்காகவும் நினைவில் வைக்க வேண்டும்.

ஐயனாருக்குப் புரவி எடுக்கும் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இந்தச் சீமையின் மிக அழகான கூட்டுக் கலை அது. ஊர்ப் பெரியவர்கள் மண்பாண்டம் வனையும் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடியிலிருந்து குதிரை எழும். கால் தனி, உடல் தனி, கழுத்துத் தனி என்று வனைந்து, சேர்த்து, சூளையில் வெந்து, சுண்ணாம்பும் வண்ணமும் பூசிப் பொட்டலில் வரிசையாக நிற்கும். ஊரே தோளில் தூக்கிக் கண்மாய்க் கரைவழியே கோயிலுக்குக் கொண்டுபோகும். இறக்கி வைத்த பிறகு வெயிலிலும் மழையிலும் அது மண்ணோடு மண்ணாகும், அடுத்த முறை புதிதாகச் செய்வார்கள். இப்படிப்பட்ட விழாவில்தான், தேவகோட்டைப் பக்கத்து உஞ்சனையில், 1979ல் உரிமைப் பிரச்சினை முற்றி ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். குதிரையின் அழகைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவரும் இதையும் எழுத வேண்டும். நான் படித்த சுற்றுலா எழுத்து எதிலும் இது இல்லை.

கண்டதேவித் தேரும் அப்படித்தான். வடத்தை யார் பிடிப்பது என்ற கேள்வியில் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. தேர் நிலையிலேயே நின்றது. ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்குப் பிறகு 2024 ஜூனில், நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பின், பலத்த போலீஸ் காவலோடு ஓடியது. ஓடியது பெரிய செய்தி. காவல் இல்லாமல் ஓடும் நாளைக்குத்தான் நான் காத்திருக்கிறேன்.

இருளாகவே சொல்லிக்கொண்டு போவதும் நியாயமில்லை. செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது தெருத்தெருவாகக் கலைக்குழுக்கள் போயின. ஜிப்பாவும் பறையும் இருந்தால் போதும், முச்சந்திதான் மேடை. எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கென்றே பாட்டுக் கட்டினார்கள். குவாரியில் கல் உடைத்த பெண்களும் வயல்வேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். ஒரு பாட்டு சைக்கிளாக மாறுவதைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. என் அத்தை ஒருவர் அப்படிப் பழகியவர். பின்னாளில் அவர் படித்த பட்டமெல்லாம் எனக்கு நினைவில்லை. கண்மாய்க் கரையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெடலை மிதித்ததுதான் நினைவிருக்கிறது. அந்தப் பாட்டை யாரும் அவருக்குப் பாடிக் காட்டவில்லை, அவரே பாடினார். அறிவொளிக் குழுக்கள் அதில் மிகக் கவனமாக இருந்தன: நாடகம் முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவரை எழுப்பிப் பாட வைக்காமல் அடுத்த தெருவுக்குப் போகமாட்டார்கள்.

மீண்டும் ஊரணிக்கு

இப்போது எங்கள் சுவர் தோற்ற காரணம் சொல்லாமலே விளங்கும். எங்களுக்கு ஓர் அமைப்பு பெயிண்ட் வாங்கிக் கொடுத்தது. வரைந்தவர்கள் படிப்பு ஊரிலிருந்து வந்தார்கள். தென்கரை வீடுகளில் ஒரு வீட்டைக்கூட நாங்கள் கேட்கவில்லை. தண்ணீரும் தேநீரும் மட்டும் வாங்கிக் குடித்தோம். அந்தச் சுவர் மாலை நேரத்தில் கிழவர்கள் சாய்ந்து உட்காரும் சுவர். ஈரப் பெயிண்டில் ஒருவருடைய வேட்டி பாழானது, அவர் திட்டியதை நாங்கள் அறியாமை என்று எடுத்துக்கொண்டோம். எங்கள் ஓவியம் உபயம். அதன்மேல் சுவரொட்டி ஒட்டினபோது தடுக்க ஒருவருக்கும் கை எழவில்லை, ஏனென்றால் அதில் ஒருவருக்கும் பங்கு இல்லை.

கும்மியில் ஏற்கெனவே ஏடு இருந்தது. முளைப்பாரிக்கு வீட்டுக்கு ஒரு பிடி நவதானியம். ஓடு கொடுத்தது ஒரு வீடு, எரு கொடுத்தது ஒரு வீடு, இருட்டறை கொடுத்தது ஒரு வீடு. ஒன்பது நாள் தண்ணீர் தெளித்து மஞ்சள் முளையாக வளர்த்ததில் எல்லாருக்கும் பாடு உண்டு. அதனால் அதைக் கரைக்கிற தண்ணீரைப் பற்றிப் பேச எல்லாருக்கும் உரிமை உண்டு. அந்த அக்கா சேர்த்த இரண்டு அடி அந்த உரிமையிலிருந்து வந்தது.

அடுத்த ஆண்டு நாங்கள் வேலையை மாற்றினோம். புதிதாக ஓவியம் எதுவும் வரையவில்லை. கிழக்குக் கரையில் இருக்கிற தலித் மக்கள் காலனியில் பறை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை காலம் கூலி பேசி, விழா முடிந்ததும் கொடுத்து அனுப்பி வைப்போம். விழாக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இருந்ததில்லை. இந்த முறை வரியை அவர்களிடமும் வாங்க வேண்டும், அடிப்பதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும், இரண்டும் தனித்தனிக் கணக்கு என்று சிலர் சொன்னோம். வரி வாங்கினால் கேள்வி கேட்பார்களே என்று ஒரு பெரியவர் வெளிப்படையாகவே சொன்னார். அதற்குத்தான் ஐயா வாங்கச் சொல்கிறோம் என்றோம். மூன்று கூட்டம் அதிலேயே போனது. இரண்டு குடும்பத்தார் கோபித்துக்கொண்டு அந்த ஆண்டு முளைப்பாரியே எடுக்கவில்லை. இன்றுவரை ஒரு வீட்டோடு பேச்சுவார்த்தை சரியாகவில்லை. இதையும் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் எல்லாரும் கைகோத்துச் சிரித்தார்கள் என்று எழுதினால் அது பொய்.

நடந்த மாற்றம் சிறியதுதான். வரத்துக் கால்வாயில் அடைபட்டிருந்த மண்ணை இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து வெட்டினோம். பறைக்குழுவில் இரண்டு பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஊரணியில் விழும் குழாய்களில் இன்னும் நான்கு பாக்கி. அவற்றில் ஒன்று பொதுக் குழாய், அதற்கு மனு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. மதகுக் கட்டை மாற்றவில்லை. தண்ணீர் இன்னும் குடிக்கிற தண்ணீர் இல்லை. சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு குறை என்று தெரியும்.

வரி எழுதிய அன்று நான்தான் நோட்டைப் பிடித்திருந்தேன். காலனிப் பக்கம் எழுதி முடித்துவிட்டுத் தென்கரைக்கு வந்தோம். கடைசி வீட்டு ஆச்சிக்குப் புருஷன் இறந்து நெடுங்காலம். பேனாவை எடுத்ததும் கேட்டார், “எனக்கு அரையா தம்பி, முழுசா?”

“இந்த நோட்டில் அரை கிடையாது ஆச்சி.”

முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணி என் கையில் வைத்தார். பிறகு நோட்டை வாங்கி, தன் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, “போன வருசப் பாட்டுல மதகைப் பத்தி ஒண்ணுமே வரலையே, அந்தப் பிள்ளையை வந்து என்னைப் பாக்கச் சொல்லு” என்றார்.